அமெரிக்காவில் ஈரநிலத்தை நிரப்பினால் ஈடு கட்டுவது எப்படி? படிப்படியாக

அமெரிக்காவில் வீட்டுமனைக்கோ சாலைக்கோ ஈரநிலத்தில் மண் கொட்ட வேண்டுமானால், தூய நீர்ச் சட்டத்தின் 404-ஆம் பிரிவின்படி ராணுவப் பொறியாளர் படையிடம் அனுமதி வாங்க வேண்டும். அழியும் நிலத்துக்கு என்ன ஈடு என்பதை, அந்தப் படையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து 2008 ஏப்ரலில் வெளியிட்ட விதி சொல்கிறது. புதியவர்கள் எடுத்த எடுப்பிலேயே "எத்தனை கிரெடிட் (வேறிடத்தில் மீட்ட ஈரநிலத்துக்கான ஈட்டு அலகு) வாங்க வேண்டும்?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

படி 1: எல்லையைக் குறியுங்கள்

பொறியாளர் படையின் 1987-ஆம் ஆண்டுக் கையேடு மூன்று அடையாளங்களைப் பார்க்கச் சொல்கிறது: ஈரத்தில் வளரும் செடிகள், நீரில் ஊறிய மண், நீர் நின்றதற்கான தடயம். பொதுவாக மூன்றும் இருக்க வேண்டும். 2023-இல் சாக்கெட் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், நிலையான நீர்நிலையோடு தொடர்ச்சியான மேற்பரப்புத் தொடர்பு இல்லாத ஈரநிலம் கூட்டாட்சிச் சட்டத்துக்குள் வராது. மாநிலச் சட்டத்துக்குள் வரக்கூடும், அதையும் பாருங்கள்.

படி 2: தவிர்த்ததையும் குறைத்ததையும் எழுத்தில் காட்டுங்கள்

முதலில் தவிர்க்க வேண்டும், முடியாததைக் குறைக்க வேண்டும், மிஞ்சியதற்குத்தான் ஈடு. வீடு கட்ட நீரோரம் தேவையில்லை. எனவே ஈரநிலம் இல்லாத மாற்று இடம் உண்டு என்றே விதி கருதிக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. இரண்டு மூன்று வரைபடங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை ஏக்கர் அழிகிறது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். இது இல்லாமல் கிரெடிட் ரசீதை மட்டும் நீட்டினால் வேலைக்கு ஆகாது.

படி 3: அளவைக் கணக்கிடுங்கள்

நாட்டளாவிய பொது அனுமதியின் (பாதிப்பு குறைந்த வேலை வகைகளுக்கு மொத்தமாகத் தரும் அனுமதி) கீழ், படைக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டிய வேலையில் இழப்பு 0.1 ஏக்கரைத் (4,356 சதுர அடி) தாண்டினால், வழக்கமாக ஒன்றுக்கு ஒன்றாவது ஈடு கேட்பார்கள். நிலத்தின் செயல்பாட்டை மதிப்பிடும் முறை கைவசம் இல்லாதபோதும் குறைந்தபட்சம் 1:1தான். வெற்றி வாய்ப்புக் குறைவு, அழிவுக்கும் மீட்புக்கும் இடையே கால இடைவெளி, தொலைவு, ஏற்கெனவே உள்ள நிலத்தைப் பாதுகாப்பது மட்டுமே ஈடாவது ஆகிய காரணங்களால் விகிதம் ஏறும். உதாரணமாக, 0.8 ஏக்கர் மரக்காட்டு ஈரநிலத்துக்கு 2:1 என்று முடிவானால் 1.6 ஏக்கர்.

படி 4: வழியைத் தேர்ந்தெடுங்கள்

விதியின் முன்னுரிமை வரிசை இது: ஈடு வங்கி, ஈட்டுக்கட்டண நிதி, சொந்தமாகச் செய்வது. வங்கி என்பது முன்கூட்டியே ஈரநிலத்தை மீட்டு, அதன் கிரெடிட்டை விற்கும் இடம். ஈட்டுக்கட்டண நிதி என்பது, கட்டணம் வாங்கிக்கொண்டு பிறகு ஈட்டைச் செய்து தரும் அரசு அல்லது லாப நோக்கற்ற அமைப்பின் திட்டம். வங்கிகளையும் கிரெடிட்டுகளையும் பட்டியலிடும் படையின் ரிபிட்ஸ் (RIBITS) இணையதளத்தில் உங்கள் வேலை நடக்கும் இடம் அந்த வங்கியின் சேவைப் பகுதிக்குள் வருகிறதா, அதே வகை கிரெடிட் கையிருப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். வங்கி, நிதி ஆகிய இரண்டு வழிகளிலும் கிரெடிட் வாங்கியதும் ஈட்டின் பொறுப்பு விற்றவர் தலைக்குப் போய்விடும். சொந்தமாகச் செய்தால் பொறுப்பு உங்களை விட்டு நகராது.

படி 5: சொந்தமாகச் செய்தால்

திட்டத்தில் 12 பகுதிகள் கேட்பார்கள்: நோக்கம், இடத் தேர்வு, நிலப் பாதுகாப்புப் பத்திரம், வேலைத் திட்டம், செயல்திறன் அளவுகோல், நிதி உத்தரவாதம் போன்றவை. எழுதிவிடலாம். தோற்பது நீரில்தான். வளர்பருவத்தில் தொடர்ந்து 14 நாளாவது நிலத்தடி நீர் தரையிலிருந்து 12 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். அதிகம் தோண்டினால் ஈரநிலம் கிடைக்காது, குளம்தான் கிடைக்கும். கனரக இயந்திரம் மண்ணை இறுக்கினால் வேர் இறங்காது. பழைய வயலில் புதைத்திருக்கும் வடிகுழாயை உடைக்காமல் விட்டால் எவ்வளவு நீர் வந்தாலும் வடிந்துபோகும். ஆகவே தோண்டும் முன்பே ஆழம் குறைந்த கண்காணிப்புக் குழாய்களை இறக்கி, ஒரு வளர்பருவம் முழுக்க நீர்மட்டம் குறியுங்கள். செடி நடுவது அதற்குப் பிறகு.

கண்காணிப்பு குறைந்தது 5 ஆண்டு. மரக்காட்டு நிலமென்றால் இன்னும் நீளும். அளவுகோலை எட்டும்வரை உத்தரவாதத் தொகை முழுதாகக் கைக்குத் திரும்பாது. அதைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.