குறைந்த விலை வால்வு பிரீஆம்ப்: வீட்டு ஒலியமைப்பில் பொருத்தும் முறை

வால்வு எனப்படும் இரண்டு சிறிய கண்ணாடிக் குழல்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்க, முன்புறம் ஒரு வால்யூம் குமிழும் பின்புறம் ஒலிக் கம்பி செருகும் இரண்டு ஜோடி ஆர்சிஏ துளைகளும் கொண்ட உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று இணையக் கடைகளில் ஏறக்குறைய நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இணைக்கும் இதன் பிரீஆம்ப் என்ற பெயரைப் பார்த்து, பாட்டு இன்னும் உரக்கக் கேட்கும் என்று நம்பி வாங்குபவர்கள் பலர். உண்மையில் இன்றைய டாக் (டிஜிட்டல் சமிக்ஞையை அனலாக் ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் கருவி), சிடி பிளேயர் ஆகியவற்றின் ஆர்சிஏ வெளியீடு முழு அளவில் 2 வோல்ட் அளவுக்குச் சமிக்ஞை தருகிறது. பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்கள் தம் முழுத் திறனை எட்ட 1 முதல் 2 வோல்ட் வரை போதும். ஆகவே உரப்பில் குறை ஏதும் இல்லை. இந்தப் பெட்டி சேர்ப்பது உரப்பை அன்று, ஒரு சிறிய திரிபை.

திரிபு என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. எளிய வால்வுச் சுற்று உண்டாக்கும் திரிபில் மேலோங்கி நிற்பது இரண்டாம் மடங்கு அதிர்வு. 440 ஹெர்ட்ஸ் சுரம் உள்ளே போனால் அதனுடன் 880 ஹெர்ட்ஸும் இலேசாகக் கலந்து வெளிவருகிறது. சட்ஜமத்துடன் மேல் ஸ்தாயி சட்ஜமம் ஒட்டி வருவது போன்றது இது; காது இதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாமல், ஒலிக்குச் சற்றுச் சதைப்பற்று கூடியதாகவே உணர்கிறது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆனால் இது எல்லா இசைக்கும் எல்லா நேரத்திலும் ஒத்துவரும் சுவை அன்று. எனவே வேண்டும்போது சேர்க்கவும் வேண்டாதபோது விலக்கவும் வசதி இருக்கும்படி இணைப்பதே சரி என்பது என் கருத்து. கீழே வரும் வழிமுறைகள் பெரும்பாலும் அந்த நோக்கில் எழுதப்பட்டவை.

வாங்குவதற்கு முன்பே, ஒரு தாளில் உங்கள் அமைப்பை வரைந்து, பிரீஆம்ப் எந்த இடத்தில் நுழையும் என்று பாருங்கள். தொலைக்காட்சியிலிருந்து எச்டிஎம்ஐ வழியே சவுண்ட்பாருக்குப் போகும் அமைப்பில் அதற்கு இடமே இல்லை, ஏனெனில் அந்தக் கம்பியில் செல்வது டிஜிட்டல் சமிக்ஞை. அத்தகைய வீட்டில் தொலைக்காட்சியின் ஆப்டிகல் வெளியீட்டை ஒரு டாக்கில் கொடுத்து, அங்கிருந்து தனி ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பாதையை உருவாக்கிய பின்னரே வால்வைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த பவர்டு ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது: டாக்கிலிருந்து பிரீஆம்ப், பிரீஆம்பிலிருந்து ஸ்பீக்கரின் லைன் உள்ளீடு. இசைத்தட்டு கேட்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பரவலாகப் புழங்கும் எம்எம் வகை முள் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதற்கு போனோ பிரீஆம்ப் என்ற தனிச் சுற்று தேவை. நாம் இங்கே பேசும் லைன் பிரீஆம்ப் அந்த வேலையைச் செய்யாது.

எல்லாவற்றிலும் நல்ல இடம் பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இருக்கிறது. கேசட் டெக் இருந்த காலத்து ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் ‘டேப் அவுட்’, ‘டேப் இன்’ என்று இரண்டு ஜோடித் துளைகளும், முன்புறம் ‘டேப் மானிட்டர்’ என்ற பொத்தானும் இருக்கும். கரோசல் இணையச் சந்தையில் இப்படிப்பட்ட பழைய ஆம்ப்ளிஃபயர்கள் அடிக்கடி விற்பனைக்கு வருவதுண்டு. டேப் அவுட்டிலிருந்து பிரீஆம்பின் உள்ளீட்டுக்கும், பிரீஆம்பின் வெளியீட்டிலிருந்து டேப் இன்னுக்கும் கம்பி கொடுத்துவிட்டால், மானிட்டர் பொத்தானை அழுத்தும்போது வால்வு பாதையில் நுழையும், விடுவித்தால் விலகும். உரப்பை எப்போதும்போல ஆம்ப்ளிஃபயரின் குமிழிலேயே கூட்டிக் குறைக்கலாம். டேப் துளைகள் இல்லாவிட்டால் டாக்குக்கும் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் உள்ளீட்டுக்கும் நடுவே வைப்பதுதான் வழி. அங்கும் சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஆர்சிஏ தேர்வுப் பெட்டி ஒன்றைச் சேர்த்தால் விலக்கும் வசதி வந்துவிடும்.

இனி வாங்குவது. சிங்கப்பூரின் அடெல்ஃபி கடைத்தொகுதியில் உள்ள ஹைஃபை கடைகளில் காதால் கேட்டுப் பார்க்க முடியும், ஆனால் அங்கே காட்சிக்கு இருப்பவற்றின் விலை பொதுவாக வேறு உயரத்தில் இருக்கும். கம்பி, செருகி, அடாப்டர் போன்ற துணைப் பொருள்களுக்கு சிம் லிம் டவர் போதும். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்குவோர், 2023 தொடக்கம் முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு என்பதையும், அது இப்போது 9 விழுக்காடு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரப் படத்தில் ஆரஞ்சு நிறத்தில் கொழுந்துவிட்டு எரிவதுபோல் தெரியும் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். பல மலிவுப் பெட்டிகளில் அது வால்வுக்கு அடியில் வைத்த எல்இடி. விசையைப் போட்ட நொடியிலேயே பளிச்சென்று வந்தால் அது எல்இடி. உள்ளிருக்கும் ஹீட்டர் இழை மெல்லச் சூடேறி மங்கலாகச் சிவக்கச் சில நொடிகளாவது ஆகும்.

அடாப்டர் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வாங்கிய பெட்டியுடன் வந்த அடாப்டரில் நம் மூன்று முனைச் செருகி இல்லை, சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறியும் இல்லை. அதை ஒதுக்கிவிட்டு, வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினேன். முனை கச்சிதமாகப் பொருந்தியது, இரண்டு வால்வுகளும் சிவந்தன, பாட்டு மட்டும் வரவில்லை. அரை மணி நேரம் கம்பிகளை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ‘12 வோல்ட் ஏசி’ (மாறுதிசை மின்சாரம்) என்று இருந்ததைக் கவனித்தேன். ரவுட்டர் அடாப்டர் தருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். ஹீட்டர் இழைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் அந்தச் சுற்று ஏசியைக் கொண்டே மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கி வால்வின் தகட்டுக்குக் கொடுத்துவந்ததால், டிசியில் தகடு பட்டினி கிடந்தது. எனக்கு வாய்த்தது இலேசான தவறு. டிசி கேட்கும் பெட்டியில் ஏசியைக் கொடுத்திருந்தால் கருகிய வாடை வந்திருக்கும். ஏசியா டிசியா, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், டிசியானால் நடுமுனை நேர்மின்னா என்ற நான்கையும் பெட்டியில் பார்த்து, அவற்றுக்குப் பொருந்துவதாகவும் பாதுகாப்புக் குறி உள்ளதாகவும் ஓர் அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுவது நல்லது.

விவரக் குறிப்பில் இரண்டு எண்களைத் தேட வேண்டும். முதலாவது பெருக்கம். 2 வோல்ட் டாக்குக்கு 20 டெசிபெல், அதாவது பத்து மடங்கு, பெருக்கம் என்றால் கணக்கின்படி 20 வோல்ட் வெளிவர வேண்டும். எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் அது தேவையில்லை, குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் சிறு வால்வால் அதைத் தரவும் முடியாது. குமிழை எட்டு மணி நிலைக்கு மேல் திருப்பவே முடியாமல் போகும். மலிவான குமிழ்களில் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இடமும் வலமும் சமமாக இருப்பதில்லை. 10 டெசிபெலுக்குக் குறைவான பெருக்கம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே அதிகப் பெருக்கம் உள்ளதை வாங்கிவிட்டிருந்தால், டாக்கின் டிஜிட்டல் வால்யூமை 6 முதல் 10 டெசிபெல் வரை குறைத்துவிடலாம்.

இரண்டாவது, மின்மறுப்பு, அதாவது ஒலிச் சமிக்ஞைக்குக் கருவி காட்டும் மின்தடை. ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்மறுப்பு பிரீஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பைப்போல் பத்து மடங்காவது இருப்பது நல்லது. வால்வுச் சுற்றின் வெளியீட்டில் ஒரு மின்தேக்கி இருக்கும். அதுவும் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடும் சேர்ந்து அடித்தொனியை எங்கே வெட்டும் என்பதை முடிவு செய்கின்றன. 0.47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 47 கிலோ ஓம் உள்ளீட்டுடன் சேர்ந்தால் 7 ஹெர்ட்ஸ் அருகே வெட்டும், அது காதுக்கு எட்டாத எல்லை. அதே மின்தேக்கி 10 கிலோ ஓம் உள்ளீட்டைச் சந்தித்தால் 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் குறைந்திருக்கும். சிறிய டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றின் உள்ளீட்டு மின்மறுப்பு இந்தக் குறைந்த அளவில்தான் இருக்கிறது. வால்வு வந்ததும் தவிலின் அடி மெலிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் வால்வைக் குறை சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இணைக்கும்போது எல்லாக் கருவிகளின் மின்சாரத்தையும் சுவரில் நிறுத்திவிடுங்கள். கம்பிகள் இணைந்ததும் பிரீஆம்பை முதலில் போட்டு, ஒரு நிமிடம் சூடேற விட்டு, ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போட வேண்டும். நிறுத்தும்போது ஆம்ப்ளிஃபயரே முதலில். இந்த வரிசை தவறினால் மின்தேக்கிகள் மின்னேறும்போது எழும் ‘தொம்’ என்ற அதிர்ச்சி நேரே ஸ்பீக்கருக்குப் போகும்.

அடுத்தது அளவைச் சமப்படுத்துவது. பலர் கவனிக்காமல் விடுவதும் நான் அதிகம் வலியுறுத்துவதும் இதைத்தான். சற்றே உரக்க ஒலிப்பதைக் காது சிறந்தது என்று தவறாகத் தீர்ப்பளிக்கும். வால்வைப் போட்டதும் பாட்டு மலர்ந்தது என்று நமக்குத் தோன்றுவதில் பாதி, வெறும் உரப்புக் கூடியதன் விளைவு. ஆகவே கைபேசியில் 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் அளவெடுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வால்வு இல்லாமல் 1.00 வோல்ட் காட்டுகிறதென்றால், வால்வு பாதையில் இருக்கும்போதும் அதே எண் வரும்வரை பிரீஆம்பின் குமிழைத் திருப்புங்கள். 1.06 என்று காட்டினாலே அரை டெசிபெல் வேறுபாடு வந்துவிட்டது. இடம், வலம் இரண்டையும் தனித்தனியே அளந்த பிறகு, குமிழின் அந்த நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அதை மறந்துவிடலாம். பவர்டு ஸ்பீக்கரில் முனைகள் வெளியே இல்லையென்றால், கைபேசியின் ஒலியளவுச் செயலியை உட்காரும் இடத்தில் அசையாமல் வைத்து அளந்தாலும் ஓரளவு சரியாக வரும்.

இரைச்சலைக் கண்டுபிடிக்கத் தம்புரா மட்டும் ஒலிக்கும் கச்சேரித் தொடக்கம் ஒன்றைப் போடுங்கள். சுருதிக்கு அடியில், அதனுடன் சேராமல், கனத்த ‘ம்ம்’ ஒன்று ஓடினால் அது மின்சாரத்தின் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம். மடிக்கணினியிலிருந்து யூஎஸ்பி வழியே டாக்குக்குப் பாட்டு வருகிறதென்றால், அதன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிவிட்டன என்று பொருள். எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுவது, முடிந்தால் ஆப்டிகல் கம்பிக்கு மாறுவது ஆகிய இரண்டும் பெரும்பாலும் தீர்த்துவைக்கும். எர்த் முனையைச் செயலிழக்கச் செய்யும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அது உயிர்காப்புக்காக வைக்கப்பட்டது.

வால்வின் தலையைப் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று கேட்கலாம். சிறிதளவு கேட்பது இயல்பு. ஆனால் பெட்டியை ஸ்பீக்கரின் மேலேயே வைத்தால், ஒவ்வொரு மிருதங்க அடியும் வால்வைத் தட்டி அதன் எதிரொலியையும் இசையில் கலக்கும். தனி அலமாரித் தட்டில், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். கதவு மூடிய தொலைக்காட்சி அலமாரி, குளிர்சாதனம் இல்லாத வரவேற்பறையில் அடுப்பாகிவிடும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஆர்சிஏ முனைகளிலும் வால்வின் கால்களிலும் பச்சை பூக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்தி எல்லாம் ஆறிய பிறகு, கழற்றித் துடைத்துச் செருகினால் கரகரப்பு வராது.

வால்வை மாற்றிப் பார்க்கும் ஆசை விரைவில் வரும். ஏழு கால் 6ஜே1 இருக்கும் பெட்டியில் 6ஏகே5, 5654, ஈஎஃப்95 என்ற பெயர்களில் வருபவற்றைப் பொதுவாகப் பொருத்தலாம். ஒன்பது கால் 12ஏயூ7 இருக்கும் இடத்தில் 12ஏஎக்ஸ்7 கால்கள் பொருந்தும் என்றாலும், அதன் பெருக்க எண் 100, முன்னதோ 20க்குள்; மேலே சொன்ன பெருக்கச் சிக்கல் முழுதும் திரும்பி வரும். 6டிஜே8க்கும் ஒன்பது கால்தான், ஆனால் அதன் ஹீட்டர் கால்களின் அமைப்பு வேறு. 12.6 வோல்ட் கொடுக்கும் சாக்கெட்டில் செருகினால் 6.3 வோல்ட் இழைக்கு இரு மடங்கு போய்ச் சேரும். பெட்டியின் கையேட்டில் பெயர் இல்லாத வால்வைச் செருகாதீர்கள், மூடியைத் திறந்து உள்ளே கையும் வைக்காதீர்கள். அடாப்டர் 12 வோல்ட்தான் என்றாலும் சில சுற்றுகள் அதை உள்ளே உயர்த்தி மின்தேக்கிகளில் தேக்கி வைக்கின்றன.

ஒரு வாரம் பழகிய பின், அளவு சமப்பட்ட நிலையில், வேறொருவரைப் பொத்தான் அருகே நிற்க வைத்து, நீங்கள் திரும்பி உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் வீட்டில் மனைவி பத்து முறை விருப்பம்போல் மாற்றியும் மாற்றாமலும் விட்டார். வீணையில் ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். அண்மைக் காலத் திரைப்பாடலில் ஐந்துதான் சரி, அது குருட்டாம்போக்கில் சொன்னாலும் வரும் எண்ணிக்கை. ஒலி 96.8 வானொலிச் செய்தியில் வாசிப்பவரின் குரல் சற்றுத் தடித்ததை மனைவியே கண்டுபிடித்து, செய்தி நேரத்தில் பொத்தானை விடுவித்துவிடச் சொன்னார். இப்போது அப்படியே செய்கிறோம்.