‘ஷேர் மீ’ என்று எழுதலாமா?

“ப்ளீஸ் ஷேர் மீ த ஃபைல்.” அலுவலக மின்னஞ்சல்களில் இந்த வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. சொல்ல வந்தது புரிந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை. ஆனால் ஆங்கில இலக்கணப்படி இது தவறு. “ப்ளீஸ் ஷேர் த ஃபைல் வித் மீ” என்பதுதான் சரி.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது? மனத்துக்குள் “எனக்கு அனுப்புங்கள்” என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறோம். கிவ், செண்ட், ஷோ ஆகிய வினைகளை அடுத்து ‘மீ’ நேராக வரலாம்: கிவ் மீ, செண்ட் மீ, ஷோ மீ. ஷேர் அந்த வகையைச் சேர்ந்தது இல்லை. பேச்சில் “எனக்கு ஷேர் பண்ணுங்க” என்று பழகிவிட்டோம். அந்த ‘எனக்கு’தான் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘மீ’ ஆகவோ ‘டு மீ’ ஆகவோ மாறிவிடுகிறது.

இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. ‘அனுப்பு’ என்று நினைக்காமல் ‘பகிர்ந்துகொள்’ என்று நினைத்துப் பாருங்கள். “என்னுடன் பகிர்ந்துகொள்ளுங்கள்” என்றுதானே வாயில் வரும்? அந்த ‘உடன்’தான் ‘வித்’. இலக்கண விதியை மனப்பாடம் செய்வதைவிட இது எளிது, மறக்கவும் மறக்காது.

இதைவிட மோசமானது “ஐ வில் ஷேர் யூ டுமாரோ”. என்னத்தைப் பகிரப் போகிறோம் என்பதே இதில் இல்லை. ஆங்கிலம் நன்கு தெரிந்தவர் படித்தால், ‘உங்களையே இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொள்வேன்’ என்று பொருள்படும். “ஐ வில் ஷேர் இட் வித் யூ டுமாரோ” என்று முழுதாக எழுதிவிட வேண்டும்.

சரி, செயலிகளில் ‘ஷேர் டு’ என்று பொத்தானே இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஒரு பக்கத்திலோ குழுவிலோ போடுவதைக் குறிக்கிறது. இடம் என்றால் ‘டு’, ஆள் என்றால் ‘வித்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது. அதேபோல “ஷேர் அபௌட் யுவர் எக்ஸ்பீரியன்ஸ்” என்பதில் ‘அபௌட்’ தேவையில்லை.

ஷேர் என்ற சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் இன்னொரு குழப்பமும் தீரும். பழைய ஆங்கிலத்தில் ‘ஷெயரு’ என்றொரு பெயர்ச்சொல் இருந்தது. வெட்டுதல், கத்தரித்தல், பிரிவு என்பவை அதன் பொருள். ஆட்டு ரோமத்தைக் கத்தரிப்பதைச் சொல்லும் ‘ஷியர்’ இதன் உறவுச் சொல். ஏர்க்கொழுவுக்கு ஆங்கிலத்தில் ‘ப்ளௌஷேர்’ என்று பெயர். அதில் வரும் ஷேருக்கும் பகிர்தலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, ஆனால் அதுவும் வெட்டுதல் என்ற அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். வெட்டி எடுத்த துண்டு ‘பங்கு’ ஆனது. அந்தப் பங்கைக் கொடுப்பதைச் சொல்லும் வினைச்சொல்லாக ஷேர் வழக்குக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகத் தமிழின் ‘சேர்’ என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போடுவது தவறு. ஒன்று வெட்டிப் பிரிப்பதில் தொடங்கியது, மற்றது ஒன்றாக இணைவது.

வெட்டிக் கொடுப்பதில் தொடங்கிய சொல், காலப்போக்கில் ஒன்றை இருவரும் கூட்டாக வைத்திருப்பதையும் குறிக்கத் தொடங்கியது. இதை மறந்துவிட்டு ஷேர் வர வேண்டிய இடத்தில் ‘டிவைட்’ போடுபவர்கள் உண்டு. “வீ ஷேர்ட் த ரூம்” என்றால் இருவரும் ஒரே அறையில் தங்கினோம் என்று பொருள். “வீ டிவைடட் த ரூம்” என்றால் நடுவே தடுப்பு வைத்து அறையை இரண்டாக்கினோம் என்றாகிவிடும். ஓர் அனுபவத்தையோ கருத்தையோ பகிரும்போது அது குறைவதில்லை, உங்களிடமும் இருக்கும், கேட்டவரிடமும் இருக்கும். அங்கே டிவைட் பொருந்தவே பொருந்தாது.

அப்புறம், இதே குடும்பத்துப் பொருளுடைய ‘பார்டேக்’. பார்ட் என்றால் பங்கு, டேக் என்றால் எடு. நம் ‘பங்கெடு’ எப்படி அமைந்திருக்கிறதோ அதே அமைப்பு! எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது. உணவிலோ பானத்திலோ பங்குகொண்டால் ‘பார்டேக் ஆஃப்’, ஒரு செயலில் பங்கெடுத்தால் ‘பார்டேக் இன்’. இறந்தகாலம் ‘பார்டேக்ட்’ அல்ல, ‘பார்டுக்’. சற்றே சம்பிரதாயமான சொல் என்பதால் அன்றாடக் கடிதங்களில் ‘டேக் பார்ட்’ என்று எழுதினாலே போதும்.

அறிவையோ திறமையையோ இன்னொருவருக்கு ஊட்டுவதைச் சொல்லும் ‘இம்பார்ட்’ மட்டும் நேர்மாறு. ஆசிரியர் மாணவர்களுக்கு அறிவை ஊட்டுகிறார், ஆகவே அங்கே ‘டு ஸ்டூடன்ட்ஸ்’ என்றுதான் வர வேண்டும். ‘வித்’ போட்டால் அதுவும் தவறு.