பழைய அறுவடை இயந்திரத்துக்கு வேறொரு ஹெட்டர்: மாட்டும் முன் செய்கிற தவறுகள்

டெல்டாவில் சம்பா அறுவடை மும்முரமாக நடந்த ஒரு தை மாதம். அடித்தட்டு துருப்பிடித்துப்போன 12 அடி ஹெட்டரை (பயிரை அறுத்து உள்ளே அனுப்பும் முன்பகுதி) கழற்றிவிட்டு, உடைப்புக்கு வந்த வேறொரு கம்பெனி இயந்திரத்தின் 14 அடி ஹெட்டரை எங்கள் பட்டறையில் மாட்டினோம். கொக்கிகள் பொருந்தவில்லை. அதனால் என்ன, நடுவில் 4 அங்குலக் கனத்தில் இரும்புச் சட்டம் ஒன்று செய்து போல்ட் போட்டு முடுக்கினோம். தூக்கியது, இறங்கியது, கத்தியும் ஓடியது. தேநீர் குடித்துவிட்டு வண்டியை அனுப்பினோம். மறுநாள் காலை பத்து மணிக்குள் மூன்று முறை அடைப்பு. எஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டுநர் அரிவாளால் வைக்கோலை அறுத்து அறுத்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

தவறு அந்த 4 அங்குலத்தில்தான் இருந்தது. அறுத்த பயிரை ஓரங்களிலிருந்து நடுவுக்குத் தள்ளும் திருகு உருளைதான் ஆகர். அதன் நடுவில் நீண்டு மறையும் விரல்கள் வைக்கோலைப் பின்னால் தள்ளுகின்றன. டிரம்முக்கு ஏற்றிச் செல்லும் ஃபீடர் செயினின் பட்டைகள் அதைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. இடைச்சட்டம் ஆகரை முன்னே தள்ளிவிட்டதால், விரலும் எட்டாத, செயினும் எட்டாத ஒரு இடம் உருவாகிவிட்டது. ஈர வைக்கோல் அங்கே தங்கித் தங்கி, உருண்டையாகத் திரண்டபின் மொத்தமாக உள்ளே பாயும். கதிரடிக்கும் டிரம் உறுமும். சில நேரம் நின்றே போகும். நேர்மாறாக மிக நெருக்கி வைத்தாலும் ஆபத்துதான். விரல் செயினில் மோதி ஒடிந்து டிரம்முக்குள் போனால் செலவு ஹெட்டரோடு நிற்காது. கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, இரண்டும் உரசாத அளவுக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவர வேண்டும்.

வாயின் அகலத்தையும் அப்போதே அளந்துவிடுங்கள். ஹெட்டரின் பின்வாய் ஃபீடரின் வாயைவிட அகலமாக இருந்தால் இரு ஓரங்களிலும் வைக்கோல் முட்டி நிற்கும். ஆகரின் திருகுத் தகடு ஃபீடர் வாயின் ஓரம் வரை வந்து முடிய வேண்டும். குறைந்தால் துண்டு வைத்துப் பற்றவைக்கலாம். வாங்கப் போகிறவர்கள் கத்தியின் நீளத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வேகம். ஹெட்டரை ஓட்டும் ஷாஃப்ட் எல்லா இயந்திரத்திலும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ஹெட்டர் முன்பு இருந்த வண்டியில் நிமிடத்துக்கு 600 சுற்று, இப்போது மாட்டும் வண்டியில் 420 என்று வைத்துக்கொள்வோம். கத்தி நிமிடத்துக்கு 500 முறை போய் வந்தது 350 ஆகிவிடும். 3 அங்குல வீச்சுக்குக் கணக்கிட்டால் நொடிக்கு 1.27 மீட்டராக இருந்த சராசரி வேகம் 0.89 மீட்டருக்கு இறங்குகிறது. வண்டியே மணிக்கு 3 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 0.83 மீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால் கத்தி ஒழுங்காக அறுக்காது. தாளை மடக்கித் தள்ளும், பிய்க்கும், மணி உதிரும். பலர் இங்கே கத்தியின் புல்லியை மட்டும் மாற்றுகிறார்கள். ஆகரும், பயிரைக் கத்திப் பக்கம் சாய்த்துக்கொடுக்கும், பெல்ட்டில் ஓடும் ரீலும் அதே ஷாஃப்டிலிருந்து வருவதால் அவை சோம்பலாகவே கிடக்கும். மாற்றுவதாக இருந்தால் வேரிலேயே மாற்ற வேண்டும்: முதலில் ஓட்டும் புல்லி 7 அங்குலம் என்றால் 10 அங்குலம்.

சுழலும் திசையில் ஒரு வேடிக்கை உண்டு. ஷாஃப்ட் தலைகீழாகச் சுற்றினாலும் கத்தி ஒழுங்காகப் போய் வரும், சத்தம்கூட மாறாது. ஆகர் மட்டும் வைக்கோலை இரு ஓரங்களுக்கும் தள்ளிக்கொண்டிருக்கும். பட்டறையில் கத்தியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தவர்களுக்கு இது வயலில்தான் தெரியும்.

பாரம் கூடினால் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் அடிக்கடி நழுவினால் ஸ்பிரிங்கை முறுக்கி அதன் வாயை அடைக்காதீர்கள். எங்கோ பிடிக்கிறது என்றுதான் அது சொல்கிறது. ஸ்பிரிங் அசையாத அளவுக்கு முறுக்கினால் அடுத்து உடைவது கியரோ ஷாஃப்டோதான்.

எடை விஷயத்தில் அலட்சியம் கூடாது. இந்த இயந்திரங்கள் பின்சக்கரத்தால் திரும்புகிறவை. முன்னால் பாரம் கூடினால் பின்சக்கரம் இலேசாகி, வரப்பு ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. பின்னால் எடைக்கட்டி சேர்க்க வேண்டும். ஹெட்டரைத் தூக்கி நிறுத்தி, தரையிலிருந்து உயரத்தை அளந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தால் தூக்கும் சிலிண்டர் தாங்குகிறதா என்பது தெரிந்துவிடும். பூட்டுக் கம்பி போடாமல் ஹெட்டரின் அடியில் யாரும் போகக் கூடாது. இதில் சமரசமே இல்லை.

கத்தியின் சாய்வு டயர் உயரத்தைப் பொறுத்து மாறும். மூக்கு மேலே பார்த்தால் சாய்ந்த பயிர் தப்பிவிடும், கீழே பார்த்தால் சேற்றைக் கிளறும். இணைப்பில் ஆப்பு வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

முதல் ஓட்டத்தில் அறுத்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, வண்டியின் நீளத்துக்குப் பின்னால் எடுங்கள். வண்டிக்கு அடியில் இருந்த தரையில் வைக்கோல் விழுந்திருக்காது. அங்கே ஒரு சதுர மீட்டரில் கிடக்கும் மணிகளை எண்ணி, அறுக்காத பயிரின் அடியில் அதே அளவு இடத்தில் தானாக உதிர்ந்ததைக் கழித்தால் மிஞ்சுவது ஹெட்டர் கொட்டியது. நூறு மணி மிஞ்சினால் ஏக்கருக்கு ஏறக்குறைய 9 கிலோ நெல்.