நலிந்த நிறுவனத்துக்கு நம் பணமா? உங்கள் எம்.பி.யைக் கேட்க வைக்கும் வழி

சிங்கப்பூரில் ஒரு பெரிய நிறுவனம் தள்ளாடுகிறது, அரசாங்கம் கைகொடுக்கப் போகிறது என்று செய்தி வந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிடும். "நம்ம வரிப்பணம்" என்பார் ஒருவர். "விட்டா அத்தனை பேருக்கும் வேலை போயிடும்" என்பார் இன்னொருவர். இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும். அந்தச் சூட்டில் கால்வாசியாவது உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய்ச் சேர்ந்தால், அது நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வியாக மாற வாய்ப்பிருக்கிறது. நான் செய்து பார்த்த வழியைத்தான் கீழே எழுதுகிறேன். மின்னஞ்சல் அனுப்புவது எப்படி, அமைச்சு என்றால் என்ன என்பதெல்லாம் இங்கே இருக்காது.

முதலில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துவிட்டு இதில் இறங்காதீர்கள். 2008 செப்டம்பர் 29ஆம் தேதி, வங்கிகளைக் காப்பாற்றும் 70,000 கோடி டாலர் மசோதாவை அங்கே கீழவை 228க்கு 205 என்ற கணக்கில் தோற்கடித்தது. பொதுமக்களின் எதிர்ப்பு அழைப்புகளும் மின்னஞ்சல்களும் அதற்கு முன்பே உறுப்பினர்களின் அலுவலகங்களில் குவிந்திருந்தன. அதே நாளில் பங்குச்சந்தை சரிந்தது, சில நாளில் திருத்திய மசோதா நிறைவேறியது என்பது தனிக்கதை. இங்கே சிங்கப்பூரில், உறுப்பினர்கள் கட்சி சொன்னபடி வாக்களிப்பதை உறுதிசெய்யும் கட்சிக் கொறடா இருக்கிறார். அவர் தளர்வு கொடுத்தாலொழிய ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கட்சி முடிவுப்படிதான் வாக்களிப்பார்கள். ஆகவே "இதை எதிர்த்து வாக்களியுங்கள்" என்று எழுதுவதால் பயனில்லை. "இதைப் பற்றிக் கேள்வி எழுப்புங்கள்" என்று எழுதுங்கள். ஆளுங்கட்சி உறுப்பினரும் தாராளமாகச் செய்யக்கூடிய காரியம் அது.

படி 1: பணம் எந்தப் பையிலிருந்து போகிறது?

மற்ற எல்லாவற்றையும் இந்தப் படிதான் தீர்மானிக்கிறது. "அரசாங்க உதவி" என்று நாம் பொதுவாகச் சொல்வது இங்கே குறைந்தது நான்கு வழிகளில் வரும். பையைத் தெரிந்துகொள்ளாமல் கேட்டால், "அது எங்கள் பணம் இல்லை" என்ற ஒற்றை வரியோடு பதில் முடிந்துவிடும்.

ஒன்று, வரவுசெலவுத் திட்டத்திலிருந்து நேரடியாகப் போவது. நமக்கு நெருக்கமான உதாரணம் செய்தித்தாள் நிறுவனமான எஸ்பிஎச் மீடியா. தமிழ் முரசு நாளிதழும் அதன் கீழ்தான் வருகிறது. விளம்பர வருமானம் சரிந்து, செய்தித்தாள் பிரிவு தனி அமைப்பாகப் பிரிக்கப்பட்ட பிறகு, ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுப்பதாக 2022இல் அரசாங்கம் அறிவித்தது. 2023 தொடக்கத்தில் விற்பனை எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்ட விவகாரம் வெளியே வந்ததும் உறுப்பினர்கள் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார்கள். முரசு நின்றுவிடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அதனாலேயே பணம் எப்படிச் செலவாகிறது என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டு, கடந்தகால நிதியிருப்பு, அதாவது முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த பணம். இதைத் தொட அதிபரின் ஒப்புதல் வேண்டும். 2009இல் அப்போதைய நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம் தாக்கல் செய்த திட்டத்துக்காக, அதிபர் எஸ்.ஆர்.நாதன் 4.9 பில்லியன் வெள்ளி வரை எடுக்க அனுமதித்தார். நிதியிருப்பை அப்படித் திறந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அது எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியாகப் போகவில்லை. முதலாளிகள் ஆட்களை வேலையில் வைத்திருக்கவும், வங்கிகள் தொழில்களுக்குக் கடன் கொடுக்கவும் போனது. தனி நிறுவனத்தைத் தூக்கி நிறுத்துவதும் எல்லா முதலாளிக்கும் சம்பள உதவி கொடுப்பதும் ஒன்றல்ல. கடிதத்தில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

மூன்று, அரசாங்கத்துக்குச் சொந்தமான முதலீட்டு நிறுவனம் தெமாசெக். 2020 மார்ச்சில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பங்குகளும் கட்டாய மாற்றுப் பத்திரங்களுமாக (பிறகு பங்காக மாறக்கூடிய கடன் பத்திரங்கள்) 15 பில்லியன் வெள்ளி வரை திரட்டப்போவதாக அறிவித்தது. மற்றவர்கள் வாங்காமல் விட்டதையும் தானே வாங்கிக்கொள்வதாகத் தெமாசெக் உறுதி கொடுத்தது. பத்திரங்களை நிறுவனம் பிறகு மீட்டுக்கொண்டது. இதை மீட்பு என்பதா முதலீடு என்பதா என்று தேநீர்க் கடையில் விடிய விடிய வாதாடலாம். கேள்வி எழுதும்போது தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: தெமாசெக்கின் பங்குதாரர் நிதி அமைச்சு, ஆனால் அதன் தனித்தனி முதலீட்டு முடிவுகளில் அரசாங்கம் தலையிடுவதில்லை என்பது எப்போதும் வரும் பதில். ஆகவே "ஏன் வாங்கினீர்கள்" என்று கேட்காதீர்கள். பங்குதாரர் என்ற முறையில் அமைச்சு எதைக் கவனிக்கிறது என்று கேளுங்கள்.

நான்கு, ரொக்கமே கைமாறாதது. கண்ணில் படாமல் போவது பெரும்பாலும் இதுதான். கடனில் மூழ்கிய தண்ணீர் நிறுவனம் ஹைஃப்ளக்ஸ் விவகாரம் நினைவிருக்கும். ஏறக்குறைய 34,000 சிறு முதலீட்டாளர்கள், சுமார் 900 மில்லியன் வெள்ளி. அவர்களை வரிப்பணத்தால் மீட்பதில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதேசமயம் 2019 மே மாதம் பொதுப் பயனீட்டுக் கழகம் துவாஸ்பிரிங் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையை, தனக்குச் சேரவேண்டிய இழப்பீட்டைக் கேட்காமல், பூஜ்ய விலைக்கு எடுத்துக்கொண்டது. குடிதண்ணீர் நிற்கக்கூடாது என்பது நியாயமான காரணம். ஆனால் விட்டுக்கொடுத்த தொகையும் பொதுப்பணம்தான். கட்டணத் தள்ளுபடி, கடன் உத்தரவாதம், வாடகைத் தள்ளிவைப்பு எல்லாமே இந்தப் பையில் வரும்.

படி 2: உங்கள் எம்.பி. யார்?

தேர்தல் துறை இணையத்தளத்தில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைப் போட்டால் தொகுதி வந்துவிடும். 2025 தேர்தலுக்கு எல்லைகள் மாறின. பழைய நினைப்பில் எழுதாதீர்கள். குழுத்தொகுதியில் (பல உறுப்பினர்கள் சேர்ந்து ஒரே தொகுதிக்கு) நான்கைந்து பேர் இருப்பார்கள், எல்லாருக்கும் நகல் போடவேண்டாம். உங்கள் வட்டாரத்தைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று புளோக்கின் மின்தூக்கி அருகே இருக்கும் அறிவிப்புப் பலகையே சொல்லிவிடும்.

படி 3: ஹன்சார்டைத் தேடுங்கள்

நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட், அதாவது அவையில் பேசியதன் முழுப் பதிவு, தேடல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். முழுமையாகப் பதில் சொல்லப்பட்ட கேள்வியை அதே கூட்டத்தொடரில் மறுபடியும் கேட்க முடியாது. பழைய பதிலில் எங்கே மழுப்பினார்கள் என்று பார்த்து, அந்த இடத்தில் கேள்வியை வையுங்கள். கூகுளைவிட இந்தத் தேடல்தான் எனக்குப் பிடிக்கும். மெதுவாக ஓடும், ஆனால் அமைச்சர் சொன்ன வாசகம் அப்படியே கிடைக்கும். செய்தியில் வந்த சுருக்கத்தை நம்பிக் கடிதம் எழுதாதீர்கள்.

படி 4: கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். கோபத்தை மூன்று பக்கம் எழுதி அனுப்பினால், அதிலிருந்து கேள்வியைப் பிரித்தெடுக்க எம்.பி.க்கு நேரம் இருக்காது. ஓர் அமர்வுக்கு ஒரு உறுப்பினர் அதிகபட்சம் 5 கேள்விதான் கொடுக்க முடியும், அதில் வாய்மொழிப் பதிலுக்கு 3. அந்த ஐந்தில் ஓர் இடத்துக்கு, தண்டவாளக் கோளாறு, பள்ளிச் சேர்க்கை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு விலை எல்லாவற்றோடும் நீங்கள் போட்டி போடுகிறீர்கள்.

நாடாளுமன்ற நிலையான ஆணைகளில் கேள்விக்கென்று விதிகள் இருக்கின்றன. வாதம் கூடாது, கருத்து கூடாது, பழிசுமத்தக் கூடாது, "ஒருவேளை இப்படி நடந்தால்" என்ற கற்பனைக் கேள்வி கூடாது. நம் மனத்தில் முதலில் வருவது பெரும்பாலும் கடைசி வகைதான்.

தேறாத கேள்வி: "இந்த நிறுவனம் விழுந்தால், நிர்வாகிகளின் பேராசைக்கு மக்கள் பணத்தைக் கொடுப்பீர்களா?"

இந்த ஒரே வரியில் கற்பனையும் இருக்கிறது, பழியும் இருக்கிறது, கருத்தும் இருக்கிறது. அதையே இப்படி மாற்றுங்கள்:

"நிதி அமைச்சரைக் கேட்க: (அ) 2020 முதல் தனி நிறுவனங்களுக்குக் கடன் உத்தரவாதம், கட்டணத் தள்ளுபடி, நேரடி மானியம் ஆகிய வழிகளில் கொடுக்கப்பட்ட உதவி ஆண்டுவாரியாக எவ்வளவு, (ஆ) அதில் திரும்பி வந்தது எவ்வளவு, (இ) உதவி பெறும் நிறுவனம் பங்காதாயம், நிர்வாகிகள் ஊக்கத்தொகை ஆகியவற்றில் எந்த நிபந்தனைகளுக்கு உட்படவேண்டும்?"

சூடே இல்லையே என்று தோன்றும். தோன்றட்டும். (இ) பகுதிதான் இதில் கடிக்கும். நிபந்தனை ஒன்றும் இல்லை என்று சொல்ல எந்த அமைச்சருக்கும் மனம் வராது, இருக்கிறது என்றால் என்னவென்று சொல்லியாகவேண்டும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. மேலே யார் நீங்கள், எந்த புளோக். நடுவில் கேள்வி. கீழே அது ஏன் உங்களைத் தொடுகிறது என்று இரண்டு வரி: அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள், பங்கு வைத்திருக்கிறீர்கள், அல்லது அதற்குச் சரக்குக் கொடுத்துப் பணம் வராமல் இருக்கிறீர்கள். ஆதாயம் இருந்தால் மறைக்காதீர்கள். ஏஐயிடம் எழுதச் சொல்வதும், ஒரே மாதிரிக் கடிதத்தை ஐம்பது பேர் அனுப்புவதும் எனக்குப் பிடிக்காது. படிப்பவருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

படி 5: நேரிலா, மின்னஞ்சலா?

இரண்டும். ஆனால் மின்னஞ்சல் முதலில். ஃபேஸ்புக் செய்திப்பெட்டி வேண்டாம், அங்கே போனது கிணற்றில் போட்ட கல்.

எம்.பி.யை நேரில் பார்க்கும் மக்கள் சந்திப்பில்தான் ஒரு சிக்கல். வாராவாரம் மாலையில் புளோக்கின் கீழ்த்தளத்திலோ பக்கத்துப் பாலர் பள்ளியிலோ நடக்கும். வரிசை எண் வாங்கி உட்கார்ந்தால், ஒரு தொண்டூழியர் மடிக்கணினியோடு கூப்பிடுவார். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் வீட்டு விவகாரம், அபராதம், வேலை அனுமதி என்று வருபவர்கள். அதனால் எல்லாமே ஏதாவது ஓர் அமைப்புக்கு முறையீட்டுக் கடிதம் அனுப்பும் வேலையாகத்தான் ஓடும். என்னிடமும் அந்தத் தம்பி பணிவாகத்தான் கேட்டார்: "அங்கிள், இது எந்த ஏஜென்சிக்கு எழுதணும்?" நிதி அமைச்சு என்று சொன்னால் கதை முடிந்தது. அமைச்சுக்கு ஒரு கடிதம் போகும், சில வாரத்தில் உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வரும், எம்.பி. அதைக் கேள்வியாகவே பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே உட்கார்ந்ததும் சொல்லுங்கள்: "எனக்கு அப்பீல் லெட்டர் வேண்டாம் தம்பி. நாடாளுமன்றக் கேள்வி கேக்கச் சொல்லி எம்.பி.கிட்ட பேசணும்." அச்சிட்ட தாளைக் கொடுத்து, மின்னஞ்சல் அனுப்பிய தேதியையும் குறிக்கச் சொல்லுங்கள். உள்ளே போனால் பேசக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். கதை சொல்லாமல் நேரே கேள்விக்கு வாருங்கள்.

மொழி பற்றி: பேச்சு தமிழில் இருக்கலாம், தமிழ் தெரிந்த தொண்டூழியர் பல இடங்களில் இருக்கிறார். நாடாளுமன்றத்திலும் தமிழில் பேசலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் கேள்வித் தாளை மட்டும் ஆங்கிலத்திலும் கொடுத்துவிடுங்கள். மொழிபெயர்க்க ஆள் தேடுவதிலேயே வாரம் ஓடிவிடும்.

படி 6: நேரம்

கேள்விக்கு அமர்வுக்கு முன் 7 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அமர்வு நாட்காட்டி நாடாளுமன்றத் தளத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் முன்னதாக அனுப்புவது நல்லது. வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு அமைச்சு வாரியாக விவாதம் நடக்கும் பிப்ரவரி, மார்ச் இன்னும் நல்ல காலம்.

பின்குறிப்பு, கருத்துகளைப் படித்த பிறகு

"ஹோங் லிம் பூங்காவில் கூட்டம் போட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போடலாம். 2008இல் திவாலான அமெரிக்க வங்கி லேமன் பிரதர்ஸ் சார்ந்த பத்திரங்களில் பணம் இழந்தவர்கள் அங்கே கூடினார்கள், 2019இல் ஹைஃப்ளக்ஸ் முதலீட்டாளர்களும் கூடினார்கள். அந்தப் பூங்காவில் கூட்டம் போட அனுமதிக்கப்பட்ட இடமான ஸ்பீக்கர்ஸ் கார்னருக்கு முன்பதிவு செய்யவேண்டும், ஏற்பாடு செய்பவர் குடிமகனாக இருக்கவேண்டும். வேலை அனுமதியில் இருக்கும் நண்பர்களை ஆர்ப்பாட்டத்துக்கு அழைத்துப்போகாதீர்கள், அவர்களுக்குத்தான் ஆபத்து. அந்த இடத்துக்கு வெளியே தனியாளாகப் பதாகை பிடித்து நின்றாலும் போலிஸ் அனுமதி வேண்டும்.

"எங்க எம்.பி. கேட்க மாட்டேன்னுட்டார், வேற எம்.பி.கிட்ட போகலாமா அக்கா?" என்று என் மனைவியின் பக்கத்தில் ஒரு தங்கை எழுதியிருந்தார். அவரவர் தொகுதிக்காரரைப் பார்க்கச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் நியமன நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் (தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்பட்டவர்கள்) தொகுதியில்லா உறுப்பினர்களுக்கும் (தேர்தலில் தோற்றும் அவையில் இடம்பெறும் எதிர்க்கட்சியினர்) தொகுதி எல்லையே கிடையாது, கேள்வி கேட்கும் உரிமை உண்டு. தொழில்துறையோ நிதியோ தெரிந்த நியமன உறுப்பினர் இருந்தால், என் கணக்கில் அவருக்கு எழுதுவதுதான் இரண்டாவது முயற்சி.

இன்னொன்று, பலர் கேட்டது: பதில் வந்ததா என்று எப்படித் தெரியும்? கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் முறை வராத கேள்விக்கு, உறுப்பினர் தள்ளிவைக்கக் கேட்காவிட்டால், எழுத்துபூர்வமாகப் பதில் வந்துவிடும். அது நேரலையில் வராது. ஆகவே அமர்வு முடிந்த பிறகு சம்பந்தப்பட்ட அமைச்சின் இணையத்தளத்தில் நாடாளுமன்றப் பதில்கள் பக்கத்தைப் பாருங்கள். ஹன்சார்டில் ஏறுவதற்கு முன்பே பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும்.