ஊசியைக் கண்டு மயங்குபவர்கள் ரத்ததானத்தில் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரி ரத்ததான முகாமில் தன்னார்வலராக நின்றிருந்தேன். வரிசையில் ஒரு மாணவன். முகம் வெளிறி, உதட்டுக்கு மேல் வியர்வை பூத்திருந்தது. "பயமா தம்பி?" என்றேன். "இல்லை அண்ணா, வெளியில் வெயில்" என்றான். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே பொய்!

வெறும் வயிற்றோடு வராதே, இரவு விழிக்காதே என்பதையெல்லாம் வாசலில் ஒட்டியிருக்கும் தாளே சொல்லிவிடும். எங்கள் கூட்டம் செய்யும் தவறுகள் வேறு.

பயத்தை மறைப்பது

செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். அவர் தினமும் பார்க்கும் பயம்தான்.

ஊசியைப் பார்ப்பது

பார்க்காதீர்கள். 16 கேஜ் ஊசி, தடுப்பூசிக்கானதைவிடத் தடிமன்தான், முறைப்பதால் மெலியாது. பக்கத்துக் கட்டிலில் தொங்கும் பையையும் பார்க்க வேண்டாம்.

உடம்பைத் தளர விடுவது

இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. முதல்முறை நான் படுத்தபோது, விவரம் தெரிந்தவர்போல ஒருவர் வந்து, "உடம்பை லேசாக விடு, ஒன்றும் ஆகாது" என்றார். விட்டேன். காதில் இரைச்சல், மின்விசிறி எங்கோ தூரத்தில் சுற்றியது. கண் திறந்தபோது என் கால்கள் தலையணைகள்மேல் இருந்தன.

பாம்பைக் கண்டால் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும்; எளிதில் மயங்க மாட்டோம். ரத்தத்தையும் ஊசியையும் கண்டு வரும் பயம் அப்படியல்ல. அழுத்தம் சற்று ஏறிவிட்டுச் சட்டென்று சரியும், நாடித்துடிப்பும் குறையும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து மயக்கம் வரும். சரிகிற நேரத்தில் உடம்பையும் தளர விட்டால் சரிவுக்குத்தான் துணைபோகிறோம்.

செய்ய வேண்டியது நேரெதிர். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த முறை இது: தொடை, வயிறு, மற்றக் கை ஆகியவற்றை 10 முதல் 15 நொடி இறுக்குங்கள், முகத்தில் சூடு ஏறும்வரை. பிறகு 20, 30 நொடி இயல்பாக இருங்கள், துவண்டுவிடக் கூடாது. மறுபடி இறுக்குங்கள். ஊசி இருக்கும் கையை மட்டும் சும்மா விடுங்கள். மீறித் தலை சுற்றினால் உடனே சொல்லிவிடுங்கள்.

அந்த ஒரு மயக்கத்துக்கு வெட்கப்பட்டுப் பதினோரு ஆண்டுகள் நான் எந்த முகாம் பக்கமும் போகவில்லை. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம்; கணக்குப் போட்டால் நாற்பது பைகளுக்கு மேல் போயிற்று, ஓர் அரைகுறை அறிவுரையால்.

வெயில் என்று சொன்ன தம்பிக்கு வரிசையிலேயே இதைப் பழக்கினேன். 350 மில்லி கொடுத்து முடித்தான். "தொடை வலிக்கிறது அண்ணா" என்பது மட்டுமே அவன் புகார்.

தண்ணீரை மறப்பது

பிறகு தரும் பழச்சாற்றை நம்பி, முன்பே குடிக்க வேண்டிய அரை லிட்டரை விட்டுவிடாதீர்கள்.

முடிந்ததும் எழுந்து ஓடுவது

கட்டிலில் தப்பித்தவர்கள் படிக்கட்டில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். சற்று நேரம் படுங்கள், பிறகு கால் மணி நேரம் உட்காருங்கள். பிஸ்கட்டை அங்கேயே தின்னுங்கள்.

பைக்கில் கிளம்புவது

சாவியை நண்பரிடம் கொடுங்கள்.