கொட்டாஞ்சேனைக் கூரைகளை எண்ணுவது எப்படி? காசநோய் ஆய்வுக்கு ஒரு கியூஜிஐஎஸ் செய்முறை

தங்கச்சியின் இறுதியாண்டு ஆய்வு காசநோயும் வீட்டு நெரிசலும் பற்றியது. "அண்ணா, கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் எந்தத் தோட்டத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன என்று செய்மதிப் படத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். இங்கே தோட்டம் என்றால் நெருக்கிக் கட்டிய சிறுவீட்டுக் குடியிருப்பு. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒரு பின்னேரத்து வேலை என்று நினைத்தேன். மூன்று இரவு போயிற்று.

கூரையை ஏன் பார்க்கவேண்டும்? காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. இருமியவர் எழுந்து போன பிறகும் காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும், வெயில் பட்டால் சாகும். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் யன்னல் வைக்க ஏது இடம்? யன்னல் செய்மதிக்குத் தெரியாது, கூரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரியும்.

படி 1: தரவு

எல்லோரும் முதலில் சென்டினல்-2 என்ற செய்மதியின் இலவசப் படத்துக்குத்தான் ஓடுவார்கள். வேண்டாம். அதன் ஒரு பிக்செல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4 பேர்ச்சஸ். நம்முடைய தோட்டங்களில் அதற்குள் இரண்டு வீடு அடங்கிவிடும். கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் கட்டிட எல்லைகளை எடுங்கள். இலவசம், இலங்கைக்கும் உண்டு. சிஎஸ்வி என்னும் அட்டவணைக் கோப்பாக வரும். கொழும்பை மட்டும் வெட்டி ஜியோபேக்கேஜ் என்னும் ஒற்றை வரைபடக் கோப்பாகச் சேமியுங்கள். பல கோப்புகளாகப் பிரிந்து வரும் ஷேப்ஃபைல் எனக்குப் பிடிக்காது. ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

படி 2: கொட்டாஞ்சேனை கடலுக்குள் போன கதை

கிராம சேவகர் பிரிவு (மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு) எல்லைகள் ஓர் இடத்திலிருந்து ஷேப்ஃபைலாகக் கிடைத்தன. கூட வரவேண்டிய பிஆர்ஜே கோப்பு இல்லை. எண்கள் நிலத்தில் எந்த இடத்தைக் குறிக்கின்றன என்ற ஆள்கூற்று முறையைச் சொல்வது அதுதான். நானே ஊகித்து ஓர் ஆள்கூற்று முறையைக் கொடுத்தேன். கொட்டாஞ்சேனை வங்காள விரிகுடாவில் மிதந்தது!

இலங்கைக்கு இரண்டு கட்ட முறைகள் புழக்கத்தில் உள்ளன. பழையது கண்டாவளை, மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 5234. புதியது எஸ்எல்டி99, இபிஎஸ்ஜி 5235. பழையது தன் மையப் புள்ளிக்குக் கொடுக்கும் கிழக்கு, வடக்கு எண்கள் 2 இலட்சம் மீட்டர், புதியது கொடுப்பவை 5 இலட்சம். புதிய எண்களுக்குப் பழைய முறையைக் கொடுத்தால் கிழக்கே 300 கிலோமீட்டர், வடக்கே 300 கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். லேயரின், அதாவது வரைபட அடுக்கின், எல்லை எண்களைப் பாருங்கள். கொழும்பின் கிழக்கு எண் 4 இலட்சத்துக்குப் பக்கத்தில் இருந்தால் 5235, 1 இலட்சத்துக்குப் பக்கத்தில் இருந்தால் 5234. சரியானதை 'செட் லேயர் சிஆர்எஸ்' மூலம் கொடுங்கள். அது பெயரை மட்டுமே மாற்றும், எண்களைத் தொடாது. எண்களையே மாற்ற 'ரீபுரொஜெக்ட் லேயர்' வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததில்தான் என் இரண்டாவது இரவு தொலைந்தது.

படி 3: கணக்கு

இரண்டு லேயரையும் 5235க்குக் கொண்டுவாருங்கள். கூரைப் பரப்பை ஒரு நிரலில் வைத்துக்கொண்டு கட்டிடங்களை மையப் புள்ளிகளாக்குங்கள், இல்லாவிட்டால் எல்லையில் நிற்கும் வீடு இரண்டு பிரிவிலும் எண்ணப்படும். பிறகு ஒவ்வொரு பிரிவின் கூரைப் பரப்பையும் கூட்டி, பிரிவின் பரப்பால் வகுங்கள். கூரை எண்ணிக்கையை நம்பவேண்டாம். வரிசை வீடுகள் பத்தும் சிலவேளை ஒரே நீளக் கட்டிடமாகத்தான் வந்திருக்கும்.

நோயாளர் எண்ணிக்கையைப் பிரிவின் குறியீட்டு எண்ணால் இணையுங்கள். பெயரால் இணைத்தால் எழுத்துக்கூட்டல் காலை வாரிவிடும். சனத்தொகையால் வகுக்க மறக்கவேண்டாம். ஒரு பிரிவில் ஒருவர் இருவர்தான் என்றால் சில ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

நோயாளியின் வீட்டைப் புள்ளியாகப் போடவே கூடாது. தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

பின்சேர்க்கை

என் வரைபடத்தில் கூரை நெருக்கம் கூடிய பிரிவு கடும் சிவப்பு, குறைந்தது வெளிர்மஞ்சள். வாசகர் ஒருவர், "புறக்கோட்டைதான் கடும் சிவப்பாக வருகிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார். சரிதான், அவை கடைகளும் கிடங்குகளும். அந்தப் பிரிவுகளைக் கையால் நீக்கிவிட்டேன்.

இன்னொருவர் சொன்னது இதற்கு நேர்மாறு. தெமட்டகொடைப் பக்கத்து பிளாட்ஸில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள், மேலிருந்து பார்த்தால் ஒற்றைக் கூரை. என் வரைபடத்தில் அவை வெளிர்மஞ்சள். மாடிகளை எண்ணித் தனி நிரலில் போட்டு, கூரைப் பரப்பைப் பெருக்குவதுதான் வழி. நெரிசலுக்கு அது சரிவரும், காற்றோட்டத்துக்கு வராது. ஆகவே இரண்டையும் தனித்தனி வரைபடமாக வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தங்கச்சியும் நடந்துபோய் மாடி எண்ணிக்கொண்டிருக்கிறோம்.