நரம்பின் வேகத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண், நோயாளியின் கை குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுக்கூடப் பார்க்காமல், நரம்பைக் கரன்ட்டால் தூண்டிச் சிக்னலின் வேகத்தை அளக்கும் டெஸ்ட்டை ஆரம்பித்துவிட்டார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன். ஜெல் தடவ மறப்பதையும் எர்த் ஒயரை விட்டுவிடுவதையும் மிஷினே காட்டிக்கொடுத்துவிடும். அது காட்டிக்கொடுக்காதவற்றை மட்டும் சொல்கிறேன்.

குளிர்ந்த கை

பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்னிடம் வந்தவர் தையல் வேலை பார்க்கும் அக்கா. ராத்திரியில் விரல் மரத்துப்போகிறது என்றார். ஏசி ஹாலில் ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். மணிக்கட்டில் தூண்டினால் கட்டைவிரல் தசைக்குச் சிக்னல் போய்ச் சேர 4.7 மில்லிசெகண்ட் ஆனது. 4.4-ஐத் தாண்டினால் மணிக்கட்டு வழியாகப் போகும் மீடியன் நரம்பு அங்கே அழுந்துகிறது, அதாவது 'கார்ப்பல் டனல்' என்று படித்திருந்தேன். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். வேறோர் இடத்தில் கையைச் சூடாக்கி அளந்தபோது 3.8 வந்தது. நல்லவேளை, கத்தி படுவதற்கு முன் தெரிந்தது.

ஒயரில் கரன்ட் பாய்வதுபோல் நரம்பிழையில் சிக்னல் ஓடுவதில்லை. இழையைச் சுற்றியுள்ள மையலின் என்ற உறை இடைவெளி விடும் ஒவ்வொரு கணுவிலும் சோடியம் வாயில்கள் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, அடுத்த கணுவைத் தூண்ட வேண்டும். குளிரில் அந்த வாயில்கள் மெதுவாகத் திறக்கும். ஒரு டிகிரி இறங்கினால் வேகம் விநாடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும். மணிக்கட்டுத் தாமதம் 0.2 மில்லிசெகண்ட் கூடும். நரம்பில் சிக்னல் ஓடுவதைக் கணக்கிட, ஊசிக்கணவாய் நரம்பை வைத்து விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் வெளியிட்ட சமன்பாடுகளே 6.3 டிகிரி என்ற ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு எழுதப்பட்டவை.

எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்: குளிரில் வாயில்கள் மூடவும் தாமதமாகும், அதனால் திரையில் பதிவாகும் சிக்னலின் அலை பெரிதாகும். அழுந்திய நரம்பில் அப்படி ஆகாது. அந்த அக்காவின் அலை வழக்கத்தைவிட உயரமாகத் திரையில் நின்றது. பக்கத்திலுள்ள அல்நார் நரம்பை அளந்திருந்தால் அதிலும் தாமதம் தெரிந்து, காரணம் குளிர்தான் என்று புரிந்திருக்கும். நான் அளக்கவில்லை.

கை 32 டிகிரிக்கும் கால் 30 டிகிரிக்கும் கீழே இருந்தால் தொடங்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் முக்கி வையுங்கள். தோல் சூடானதும் அவசரப்படாதீர்கள். உள்ளே நரம்பு சூடாக இன்னும் சில நிமிடம் பிடிக்கும். வெப்பத்துக்காகக் கூட்டிக் கழிக்கும் சூத்திரம் நல்ல நரம்புகளை அளந்து எடுத்தது. நோயுற்ற நரம்பில் அதை நம்பாதீர்கள்.

இரக்கப்பட்டுக் கரன்ட்டைக் குறைப்பது

நோயாளி முகம் சுளித்ததும் கரன்ட்டை ஏற்றுவதை நிறுத்திவிடுகிறார்கள். தூண்டப்படாத இழைகள் செத்துப்போனவையாக ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அலை வளர்வது நின்றபின் இன்னும் 20 சதவீதம் ஏற்றுங்கள்.

டேப்

சிக்னல் ஓடும் தூரத்தை டேப்பால் அளக்கிறோம். 10 செ.மீ. தூரத்தில் 1 செ.மீ. பிசகினால் வேகமும் 10 சதவீதம் பிசகும்.

முழங்கை

அல்நார் நரம்புக்கு முழங்கையை மடக்கி வைத்தே அளக்க வேண்டும்.

கேத்தோடு

கரன்ட் கொடுக்கும் கருவியின் எதிர்மின் முனையான இது, சிக்னலைப் பதிவுசெய்யும் எலெக்ட்ரோடு இருக்கும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும்.